பழைய பாய்மரப் படகின் கேபின் ஜன்னல்களை மாற்றுவது எப்படி?

மழை நின்று இரண்டு நாளாகியும் கேபினுக்குள் மெத்தையின் ஒரு மூலை மட்டும் காயவில்லை. ஜன்னலுக்குக் கீழே இருக்கும் மரப்பலகையின் விளிம்பு மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது. பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகை வாங்கியவர்களில் பலர் முதல் வருடத்திலேயே இதைப் பார்த்துவிடுவார்கள்.

என் படகு டொராண்டோவில், ஒன்டாரியோ ஏரியில் நிற்கிறது. இந்த ஏரியில் 1970களிலும் 80களிலும் கட்டிய படகுகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. நயாகரா-ஆன்-த-லேக்கில் தொழிற்சாலை வைத்திருந்த சி அண்ட் சி நிறுவனத்தின் படகுகள் கண்ணில் படாத துறை இங்கே குறைவு. அந்தக் காலத்துப் படகுகளின் உடல் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் ஜன்னலைச் சுற்றி இடுக்கை அடைக்கும் பசையான சீலண்டுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அது யார் கட்டிய படகானாலும் ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

முதல் தடவை நானே மாற்றியபோது நல்ல சீலண்டாகத் தேடி வாங்கி, தாராளமாகப் பூசி, எல்லா போல்ட்டையும் இறுக்கி முறுக்கினேன். சீலண்ட் நாலா பக்கமும் பிதுங்கி வெளியே வந்தது. நன்றாக அடைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வசந்தத்தில் அதே மூலையில் தண்ணீர். எந்தச் சீலண்ட் என்பதைவிட, அது எவ்வளவு தடிமனாக உள்ளே தங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது. கீழே சொல்லும் வேலைகளில் பாதி அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ஜன்னல் ஏன் ஒழுகுகிறது?

கேபின் ஜன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். வெயிலில் அக்ரிலிக் நன்றாக நீளும். ஒரு மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தாள், வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீள்கிறது. கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் இங்கே ஜனவரிக் குளிரில் மைனஸ் 20 டிகிரி வரை போகிறது. ஜூலை வெயிலில் கறுப்புச் சாயல் உள்ள ஜன்னல் 60 டிகிரியைத் தொடும். 80 டிகிரி வித்தியாசத்தில் 90 செ.மீ. ஜன்னல் 5 மி.மீ. வரை நீளும். அதைத் தாங்கியிருக்கும் ஃபைபர்கிளாஸ் சுவர் அதில் பாதிகூட நீளாது.

அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் சீலண்ட்தான் ரப்பர் போல இழுபட்டுத் தாங்க வேண்டும். 3 மி.மீ. தடிமன் இருந்தால் தாங்கும். பிதுக்கி வெளியேற்றிவிட்டு அரை மி.மீ. மட்டும் மிச்சம் வைத்தால் முதல் குளிர்காலத்திலேயே பிய்ந்துவிடும். அப்புறம் அந்த இடுக்கில் தேங்கிய தண்ணீர் உறைந்து விரிந்து, இடைவெளியை இன்னும் பெரிதாக்கும்.

முதலில், ஒழுகுவது ஜன்னல்தானா?

இதை உறுதி செய்யாமல் எதையும் கழற்றாதீர்கள். மேல்தளத்தில் பதித்த கைப்பிடி, பாய்க்கயிறு ஓடும் தண்டவாளம், பக்கவாட்டு வேலிக் கம்பியின் அடி என்று எதன் துளை வழியாக இறங்கும் தண்ணீரும் உள் கூரைக்கு மேலேயே ஓடி வந்து ஜன்னல் ஓரத்தில் சொட்டலாம்.

சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே ஒருவர் ஹோஸ் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுவது. ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே நுழைகிறது என்று தெரியாது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கேபினின் எல்லாத் திறப்புகளையும் டேப் ஒட்டி மூடிவிட்டு, ஒரு மூலை வழியாக இலை ஊதும் மெஷினால் உள்ளே காற்றை நிரப்புங்கள். வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

உங்கள் ஜன்னல் எந்த வகை?

மூன்று வகைதான் அதிகம். முதலாவது, அலுமினியச் சட்டம் போட்டது. வெளிச் சட்டமும் உள் சட்டமும் சேர்ந்து சுவரைக் கவ்விப் பிடிக்கும். இரண்டாவது, சட்டம் இல்லாமல் அக்ரிலிக் தாளையே சுவரில் ஒரு படி போல இறக்கிய பள்ளத்தில் ஒட்டியது. மூன்றாவது, தாளைச் சுவருக்கு வெளியே மேலாக வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டது.

சட்டம் இல்லாத வகையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். மற்ற இரண்டும் பின்னால் வரும்.

எப்போது செய்வது, என்னென்ன வாங்குவது

இங்கே அக்டோபரில் படகைத் தூக்கிக் கரையில் வைத்தால் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் திரும்ப இறக்குவோம். கழற்றுவது, சுரண்டுவது, டெம்ப்ளேட் (வெட்டுவதற்கான அளவு மாதிரி) செய்வது எல்லாவற்றையும் செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டால் நல்லது. ஒட்டும் வேலைக்கு வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 15 முதல் 25 வரை இருந்தால் நிம்மதி. இறக்குவதற்கு முந்தைய வாரத்தில் ஒட்ட நினைக்காதீர்கள்.

தாளுக்கு அக்ரிலிக் போதும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் எளிதில் உடையாது என்பது உண்மை. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், வெயிலில் மஞ்சளடிக்கும். கடையில் 'காஸ்ட்' அக்ரிலிக் என்று சொல்லிக் கேளுங்கள். 'எக்ஸ்ட்ரூடட்' வகை விலை குறைவு, ஆனால் நுண்விரிசல் எளிதில் விடும். தடிமனைப் பொறுத்தவரை பழைய தாளை அளந்து அதே அளவு வாங்குங்கள், குறைக்காதீர்கள். சிறிய படகுகளில் 6 மி.மீ., பெரிய ஜன்னல்களில் 9 அல்லது 10 மி.மீ. இருப்பது வழக்கம். கடலில் நெடும்பயணம் போகும் எண்ணம் இருந்தால், ஜன்னல் பரப்புக்கு ஏற்ற தடிமனைச் சொல்லும் ஐஎஸ்ஓ 12216 தரவிதியைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சீலண்டில்தான் ஆளுக்கு ஒரு கருத்து. என் முடிவு இது: டௌசில் 795. உயரமான கட்டடங்களில் கண்ணாடி பதிக்கப் பயன்படும், வினிகர் வாடை இல்லாத நியூட்ரல் வகை சிலிக்கோன். இடைவெளியின் அகலத்தில் பாதி வரை இழுபடவும் நசுங்கவும் தாங்கும், வெயிலுக்கும் கெடாது. இதோடு 3எம் நிறுவனத்தின் விஎச்பி இருபக்க நுரை டேப், 1.1 மி.மீ. தடிமன் கொண்டது. டேப் தாளைப் பிடித்து நிற்கும், சிலிக்கோன் தண்ணீரைத் தடுக்கும். சிக்காஃப்ளெக்ஸ் 295 யூவியும் நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு உரிய பிரைமர் (முதலில் பூசும் அடிப்பூச்சு) வேண்டும், ஒட்டிய இடத்தில் வெயில் படாமல் கறுப்புப் பட்டை வைத்து மறைக்கவும் வேண்டும். முதல் முறை செய்பவருக்கு அது கூடுதல் சுமை.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாலிசல்ஃபைடு வகைச் சீலண்ட் அக்ரிலிக்கைத் தாக்கும். 3எம் 5200 போன்ற பாலியூரித்தேன் பசையைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு, அக்ரிலிக்குக்கு அது ஏற்றதும் அல்ல. குளியலறைக்கு விற்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் அலுமினியத்தை அரிக்கும்.

படி 1: கழற்றுவது

வேலை முடிய நாளாகும். முதலில் திறப்பை மூட ஒரு ப்ளைவுட் துண்டையோ தடித்த பிளாஸ்டிக்கையோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுவது நல்லது.

வெளி ஓரத்தில் இருக்கும் பழைய சீலண்டைக் கத்தியால் கீறி எடுங்கள். பிறகு மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றின் இரு முனையிலும் கட்டை கட்டி, ஒரு மூலையில் உள்ளே நுழைத்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று ரம்பம் போல இழுத்துப் போங்கள். மிதமான சூடு உதவும், ஆனால் ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் ஃபைபர்கிளாஸின் பளபளப்பான மேல்பூச்சான ஜெல்கோட் கொப்பளிக்கும். உளியையும் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்து நெம்ப வேண்டாம். ஜன்னல் உடைந்தால் பரவாயில்லை. பள்ளத்தின் விளிம்பு உடைந்தால் வேலை இரட்டிப்பாகும். பழைய தாளைத் தூக்கி எறியாதீர்கள், தடிமனை அளக்க வேண்டும்.

படி 2: சுரண்டுவது

மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பழைய சிலிக்கோனின் எச்சம் துளி இருந்தாலும் அதன்மேல் எதுவும் ஒட்டாது. அவசரப்பட்டு நேராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த எச்சம் சுற்றிலும் பரவும். முதலில் பிளேடால் கண்ணுக்குத் தெரியும் சிலிக்கோன் அத்தனையையும் வழித்து எடுங்கள். பிறகு 80 எண் உப்புத்தாள். ஃபைபர்கிளாஸ் தூசிக்கு முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

முடிந்ததா என்று பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. சுத்தமான தண்ணீரைத் தெளியுங்கள். விளிம்பு முழுக்க ஒரே படலமாகப் பரவினால் சரி. தாமரை இலையில் உருள்வதுபோல எங்காவது முத்து முத்தாக நின்றால், அங்கே இன்னும் சிலிக்கோன் இருக்கிறது. திரும்பச் சுரண்டுங்கள்.

படி 3: சுவரின் உள்மரத்தைப் பார்ப்பது

பல படகுகளில் கேபின் சுவர் ஒற்றை ஃபைபர்கிளாஸ் அல்ல. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ ப்ளைவுட்டோ இருக்கும். திறப்பின் வெட்டு முகத்தில் அது தெரியும். வருடக்கணக்கில் ஒழுகியிருந்தால் அந்த மரம் கறுத்து, ஊறி, விரலால் அழுத்தினாலே பொடியும்.

வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, கெட்டுப்போன மரத்தைக் குடைந்து எடுங்கள். நல்ல மரமாக இருந்தாலும் சுற்றிலும் 10 மி.மீ. ஆழத்துக்கு எடுப்பது நல்லது. நன்றாகக் காயவிடுங்கள், சில வாரங்கள் ஆகலாம். வேலையைச் செப்டம்பரில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். காய்ந்த பின் முதலில் வெறும் எப்பாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகும் பிசின்) பூசி மரம் உறிஞ்ச விட்டு, அப்புறம் சிலிக்கா தூள் கலந்து வடை மாவுப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்புங்கள். இனி ஜன்னல் என்றாவது ஒழுகினாலும் தண்ணீர் மரத்துக்குப் போகாது.

இதை விட்டுவிட்டுப் புது ஜன்னல் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே சுவர் மக்கிக்கொண்டிருக்கும். மனது கேட்காது.

படி 4: டெம்ப்ளேட், வெட்டுதல்

பழைய தாளை அப்படியே அளவாக எடுக்காதீர்கள். முன்பு யாராவது தவறாக வெட்டி மாட்டியிருக்கலாம். 3 மி.மீ. ஹார்ட்போர்டில் டெம்ப்ளேட் செய்து பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி சீராக வர வேண்டும். இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒரே அளவு என்று நம்பாதீர்கள். கையால் செய்த அச்சில் வந்த படகுகளில் சில மி.மீ. வேறுபாடு சாதாரணம். ஒவ்வொன்றிலும் 'முன்', 'பின்', 'வெளிப்புறம்' என்று எழுதிவையுங்கள்.

டெம்ப்ளேட்டைப் பிளாஸ்டிக் கடையில் கொடுத்தால் மெஷினிலேயே வெட்டித் தருவார்கள். நீங்களே வெட்டினால், ஜிக்சாவில் பிளாஸ்டிக்குக்கான நுண்பல் பிளேடு, மெதுவான வேகம். வேகம் கூடினால் தாள் உருகிப் பிளேடோடு ஒட்டும். வெட்டிய ஓரத்தை 220, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேயுங்கள். நெருப்புக் காட்டி ஓரத்தைப் பளபளப்பாக்கும் வழக்கம் உண்டு. படகு ஜன்னலுக்கு வேண்டாம். தாளுக்குள் இறுக்கம் உண்டாகி, பிறகு விரிசல் விடும். பாதுகாப்புப் படலத்தை இன்னும் உரிக்காதீர்கள்.

படி 5: ஒட்டுவது

முதலில் பசை இல்லாமல் வைத்துப் பாருங்கள். இடைவெளி சரியான பிறகு, தாளிலிருந்து சுவர்வரை நாலைந்து இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சேரும் கோட்டில் கத்தியால் வெட்டுங்கள். திரும்ப வைக்கும்போது இந்தத் துண்டுகள் நேருக்கு நேர் வந்தால் இடம் சரி.

உள்ளேயிருந்து திறப்பின் கோட்டைத் தாளின் படலத்தில் வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரப் படலத்தை மட்டும் உரித்து, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். கத்தி தாளில் ஆழமாக இறங்கக் கூடாது. துடைக்க, ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தது போதும். அசிட்டோன் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

விஎச்பி டேப்பைப் பள்ளத்தின் உள் விளிம்பையொட்டி, திறப்பைச் சுற்றி முழு வளையமாக ஒட்டுங்கள். மூலைகளில் இடைவெளி விடாமல் முட்ட வையுங்கள். மேல் காகிதத்தை உரிக்காமல் அதன் முனைகளை மட்டும் வெளியே இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். சுவரின் வெளி ஓரத்திலும் தாளின் மேல் ஓரத்திலும் மாஸ்கிங் டேப்.

இப்போது இரண்டு பேர் வேண்டும். தாளை இடத்தில் பிடித்து, வெட்டுத் துண்டுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, ஒருவர் காகித முனைகளை ஒவ்வொன்றாக இழுக்க, மற்றவர் அழுத்த வேண்டும். இந்த டேப் ஒட்டினால் ஒட்டியதுதான், நகர்த்த முடியாது. அதனால்தான் அத்தனை ஒத்திகை.

பிறகு சுற்றியுள்ள இடைவெளியில் 795ஐ நிரப்புங்கள். குழல் முனை அடி வரை போக வேண்டும். கீழ் விளிம்பில் தொடங்கி, காற்றுக் குமிழி சிக்காமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மேலே ஒரே இழுப்பில் வழித்துச் சமன் செய்து, மேல்தோல் கட்டுவதற்குள், அதாவது பத்து நிமிடத்துக்குள், மாஸ்கிங் டேப்பை உரித்துவிடுங்கள். பிறகு உரித்தால் ஓரம் பிசிறும்.

கேபின் சுவர் வளைந்திருந்தால் தாளின் இரு முனைகளும் நிமிரப் பார்க்கும். மூன்று நான்கு நாள் அந்த முனைகளைக் கட்டை வைத்தோ, கேபினைச் சுற்றிக் கட்டிய பட்டை வைத்தோ மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். வளைவு அதிகம் என்றால் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். தாளைச் சூட்டில் வளைத்து வாங்குங்கள், அல்லது போல்ட் வகைக்குப் போங்கள். சிலிக்கோன் முழுதாகக் கெட்டியாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஹோஸ் சோதனை வேண்டாம்.

போல்ட் போட்ட வகை என்றால்

தாள் திறப்பைத் தாண்டிச் சுற்றிலும் 25 மி.மீ.யாவது படிய வேண்டும். துளைகள் போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், தாள் நகர இடம் வேண்டும். குழித்தலை ஸ்க்ரூ வேண்டாம், அது ஆப்பு போல இறங்கித் தாளைப் பிளக்கும். தட்டைத் தலையும் ரப்பர் வாஷரும் போடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே 3 மி.மீ. ரப்பர் துண்டுகளை வைத்து, சிலிக்கோன் அந்தத் தடிமனில் தங்கும்படி கையால் முறுக்கும் அளவோடு நிறுத்துங்கள். நான் முதல் தடவை செய்யாமல் விட்டது இந்த ரப்பர் துண்டுகளைத்தான்.

அலுமினியச் சட்டம் என்றால்

உள் சட்டத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் வெளிச் சட்டம் தனியாக வரும். அலுமினியத்தில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வருடங்களில் அரித்து இறுகியிருக்கும். இறுகியதை இளக்கும் எண்ணெய் விட்டு ஒருநாள் வைத்து, கொஞ்சம் சூடு காட்டித் திருப்புங்கள். மசியாவிட்டால் தலையை டிரில்லால் எடுத்துவிடுவதே சட்டத்துக்கு நல்லது. சட்டத்தை நெம்பி வளைத்துவிட்டால் நேராக்குவது சிரமம்.

சட்டம் சேரும் இணைப்பைக் குறித்துவைத்துப் பிரியுங்கள். புதுத் தாளின் தடிமன் பழைய பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். சட்டத்துக்கும் தாளுக்கும் நடுவே புது ரப்பர் அல்லது நியூட்ரல் சிலிக்கோன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, களிமண் போல மென்மையான பியூட்டைல் ரப்பர் டேப் எனக்குப் பிடிக்கும். அது கெட்டியாகாது, சட்டம் கவ்விப் பிடிப்பதால் நகராது. ஒரேயடியாக இறுக்காமல், நாளுக்குக் கால் சுற்றாக மூன்று நான்கு நாளில் இறுக்குங்கள். ஸ்க்ரூ புரியில் டெஃப்-ஜெல் போன்ற அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். சட்டத்தின் கீழே தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிடாதீர்கள். பார்க்க ஓட்டை போலத் தெரிவதால் நல்ல எண்ணத்தோடு பலர் அடைத்துவிடுகிறார்கள்.

உங்கள் பழைய ஜன்னலில் கண்ணாடியே இருந்தால், அது பெரும்பாலும் டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி. அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்க வேண்டும்.

பிறகு

இரண்டு வாரம் கழித்து அதே ஹோஸ், அதே டார்ச். உள்ளே ஜன்னலுக்குக் கீழே டிஷ்யூ தாளை வரிசையாக ஒட்டிவைத்தால் ஒரு துளி வந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

துடைக்க மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் மட்டும். அமோனியா கலந்த நீல நிறக் கண்ணாடி திரவத்தைப் படகிலேயே வைக்காதீர்கள், விருந்தாளி யாராவது உதவி செய்கிறேன் என்று எடுத்துத் துடைத்துவிடுவார். குளிர்காலத்தில் படகை மூடும் தார்ப்பாய் ஜன்னல்மேல் உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். என்னுடையவை முன் கேபின் மெத்தைக்கு அடியில் இருக்கின்றன. அவற்றின் முதுகில் தேதி, தாளின் தடிமன், சீலண்டின் பெயர் மூன்றையும் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை கழற்றப்போவது நானோ, இந்தப் படகை என்னிடம் வாங்கப்போகிறவரோ, யாராக இருந்தாலும் அது தேவைப்படும்.